முதலாளிக்கு ஒரு நற்சான்று

உலு திராம்,
நோன்பு இருபத்திரண்டு

அன்பு மகள் ஆப்ரினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகமாக, ஒரு நோன்பும் விடாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நியூசிலாந்தில் இருக்கும் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப் இருக்க வாப்பா ஏன் பேனாவைத் தேடி எடுத்தார் என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ அழுவாய், இல்லையென்றால் நான் கத்துவேன், நோன்பு நேரத்தில் இரண்டும் வேண்டாம். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், குறுக்கே பேசாமல் கடைசி வரை படி. உம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். கோத்தா திங்கியில் மாமி வீட்டுக்கு இந்த மழையில் தண்ணீர் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நீ நட்டுவைத்துப் போன கறிவேப்பிலை இப்போது உன் உயரம், பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி அம்மா தினமும் வந்து ஒடித்துக்கொண்டு போகிறார்கள், நானும் ஒன்றும் சொல்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆஸ்பத்திரி லேப் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரப் போவதாகவும், ராஜினாமா கடிதம் எழுதி வைத்துவிட்டதாகவும், பெருநாள் கழித்து டிக்கெட் போட்டுவிட்டதாகவும் உம்மா சொன்னாள். சொல்லக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம், அதையும் சேர்த்தே சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. பயிற்சி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பாதியில் விட்டால் மறுபடி சேர்க்க மாட்டார்கள் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். வாப்பாவுக்குக் கடை போய்விட்டது, வீட்டில் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று நினைத்துத்தானே இந்த முடிவு? மகளே, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கடை இருந்த வரிசையையே விற்றுவிட்டு இடிக்கப் போகிறார்கள் என்றதும், முப்பத்தொரு வருடம் நடத்திய சாப்பாட்டுக் கடையைப் போன ஹஜ்ஜுப் பெருநாளோடு மூடினேன், அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்த லட்சணம் உனக்குத் தெரியாது. விடியற்காலையிலேயே எழுந்து இரண்டு பேர் இருக்கிற வீட்டில் பத்து பேருக்குத் தேநீர் போட்டேன். ஐஸ்பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். உம்மா சம்பல் வதக்கும்போது பின்னால் நின்று தீயைக் குறை, தீயைக் கூட்டு என்றேன். ஒரு நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்க வீட்ல இருக்கீங்களா, இல்ல நான் கடைல வேலைக்குச் சேந்துட்டேனான்னே தெரியல என்றாள். அந்த நேரத்தில்தான் நீ தினமும் காலையில் வேலை லிங்க் அனுப்ப ஆரம்பித்தாய். இது நோன்பு மாதத்துக்கு மட்டும், இது பெருநாள் பலகார சீசனுக்கு, இது வீட்டிலிருந்தே செய்யலாம், இது வாப்பாவுக்குச் சரிவராது ஆனால் பார்த்து வையுங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு வேறு. முதலில் பணம் கட்டச் சொல்கிற வேலை வேலையே இல்லை, வீடியோவுக்கு லைக் போட்டால் சம்பளம் என்று எவன் கேட்டாலும் அடித்துப்போடுங்கள் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லித் தந்தாய். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து எனக்காகத் தேடியிருக்கிறாய் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. வாப்பாவுக்கே வேலை தேடித் தர்ற அளவுக்கு நீ பெரிய ஆளாயிட்டியா, நான் நாலு பேருக்குச் சம்பளம் கொடுத்தவன், யார்கிட்டயும் கை நீட்டி வாங்க மாட்டேன் என்று போனிலேயே கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து லிங்க் வரவில்லை. நீ கோபித்துக்கொண்டாய் என்று நினைத்தேன், ராஜினாமா எழுதப் போய்விட்டாய் என்று தெரியவில்லை. அந்த வார்த்தைக்கு வாப்பாவை மன்னித்துவிடு மகளே.

உம்மா விஷயத்தைச் சொன்ன அன்று, நீ அனுப்பியதையெல்லாம் முதலிலிருந்து பார்த்தேன். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி, சாப்பாட்டுக் கடைகளுக்கு ஆர்டர் எடுக்கிற டேப்லட் கொடுக்கிறவர்கள், கடைக்காரர்களோடு போனில் தமிழிலும் மலாயிலும் பேசி உதவ ஆள் தேடுகிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதற்குக் கீழே நீ ஒன்றுமே எழுதாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தாய். உட்கார்ந்து பாரத்தை நிரப்பினேன். முந்தைய பதவி: முதலாளி. வேலையை விட்ட காரணம் என்று கேட்டிருந்தது, நான் விடவில்லை என்று எழுதினேன். மேலதிகாரி பெயர் என்ற இடத்தில் உம்மா பெயரை, மீரா பீவி என்று போட்டேன், அவளுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் கடைசியில் வந்து முட்டிக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் எனக்கு நற்சான்று எழுதித் தர வேண்டுமாம். எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்கு யார் எழுதுவது? யோசித்து யோசித்துப் பார்த்தாலும் ஒரே பெயர்தான் வந்து நின்றது, அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஹாரூனை உனக்கு நினைவிருக்கும், நம் கடையில் பன்னிரண்டு வருடம் டீ மாஸ்டராக இருந்தவன், என்னை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடுவான், நீ ஸ்கூல் விட்டு வந்தால் மைலோவில் பால் அதிகமாக ஊற்றித் தருவான். மூன்று வருடத்துக்கு முன்னால் விலகிப் போய் எதிர் வரிசையில் சொந்தமாகக் கடை போட்டான். அதை நான் பெரிய துரோகமாக எடுத்துக்கொண்டேன். ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்வேன், கடமை, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவன் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது கூப்பிட்டான், போகவில்லை. அவனிடம் போய், எனக்கு ஒரு சான்று எழுதித் தா என்று எந்த முகத்தோடு கேட்பது? இரண்டு நாள் அவன் கடைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் உன் ராஜினாமா கடிதத்தை நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ஊற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, அலமாக், நானா, நீங்க என்கிட்ட சர்டிபிகேட் கேக்குறீங்களா, எனக்குக் கை கால் ஓடல நானா என்றான். பிறகு, எழுதித் தர்றேன், ஆனா ஒரு கண்டிஷன் லா, பாசார் ரமலான்ல ரெண்டு ஸ்டால் எடுத்திருக்கேன், நோன்பு முடியிற வரைக்கும் கஞ்சிப் பானை உங்க பொறுப்பு என்றான். சம்பளம் வேண்டாம், சும்மா வருகிறேன் என்றேன். சும்மா வந்தீங்கன்னா நீங்க முதலாளியாயிடுவீங்க, சம்பளத்துக்கு வாங்க, அப்பதான் நான் சொல்றதைக் கேப்பீங்க என்றான். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம், சிரிப்புதான் வந்தது.

முதல் நோன்பிலிருந்து அவனுடைய ஸ்டாலில் நிற்கிறேன். எல்லோருக்கும் ஒரே பச்சை ஏப்ரன், எனக்கும் அதுதான். மதியமே அரிசியும் பருப்பும் போட்டு, இறைச்சி வேகவிட்டு, நாலு மணிக்கெல்லாம் பாக்கெட் போட வேண்டும். முதல் நாளே, நம் கடைக்கு வந்துகொண்டிருந்த அந்த வழுக்கைத் தலை வாத்தியார், நம் சிக்கு, வரிசையில் நிற்கிறார், பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். தவ்கே, கடையைத் திரும்பத் திறந்துவிட்டீர்களா என்று பழைய முதலாளியைக் கேட்பது போலவே கேட்டார். இல்லை சிக்கு, இங்கே வேலைக்கு நிற்கிறேன் என்றேன். இந்த வார்த்தையை என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை, சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்படியானால் இன்னும் இரண்டு பாக்கெட் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். நீ படிக்கிற காலத்தில் விடுமுறைக்குக் கிவிப்பழக் கிடங்கில் பழம் அடுக்கப் போனாய், வலைத் தொப்பியும் கையுறையும் போட்டுச் சிரித்துக்கொண்டு படம் அனுப்பினாய். முதலாளி மகள் கூலிக்கு நிற்கிறாளே என்று வெட்கப்பட்டு அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. இப்போது அதைத் தேடி எடுத்து, பார்த்தியா என் மகள் எனக்கு முன்னாடியே சீசன் வேலை பார்த்தவள் என்று ஹாரூனிடமும் ஸ்டாலில் இருக்கிற எல்லோரிடமும் காட்டினேன். உன்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பன்னிரண்டாம் நோன்பன்று காலையில் அந்தக் கம்பெனியின் நேர்காணல், வீடியோவில். பேசியவள் ஷாமளா என்று ஒரு தங்கமான பெண், கிள்ளான்காரி, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவள் வணக்கம் சொன்னதும் நான் பழக்கதோஷத்தில், எந்த ஊரும்மா, சாப்பிட்டியா, இதுக்கு முன்ன எங்க வேலை பார்த்த, அங்கேருந்து ஏன் நின்ன என்று கேட்டுக்கொண்டே போகிறேன். முப்பத்தொரு வருடம் ஆள் எடுத்தே பழகிய வாய், அது பாட்டுக்குப் போகிறது. அந்தப் பெண்ணும் மரியாதையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில், அங்கிள், நான்தான் உங்களைக் கேக்கணும் என்று சிரித்துவிட்டாள். உம்மா கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். மதியக் கூட்டத்தில் டேப்லட் வேலை செய்யவில்லை, முதலாளி கோபத்தோடு போன் அடிக்கிறார், என்ன சொல்வீர்கள்? நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன். எத்தனை மேசை காத்திருக்கிறது என்று மட்டும் கேட்பேன், அதை மூடி வைத்துவிட்டுத் தாளில் எழுதி எடுங்கள், கூட்டம் கலைந்ததும் மூன்று மணிக்கு நானே கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவேன், பசியோடு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது எந்த முதலாளிக்கும் பாடம் காதில் ஏறாது என்றேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இதுவரை பேசியவர்கள் எல்லோரும் முதலில் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றுதான் ஆரம்பித்தார்களாம்.

முடிக்கும்போது, உங்களுக்கு வந்த நற்சான்றைப் படிக்கட்டுமா என்று கேட்டாள். ஹாரூன் மலாயில் எழுதியிருந்தான், அவள் தமிழில் சொன்னாள். இவர் கோபக்காரர், எதையும் சீக்கிரம் மறக்க மாட்டார், ஆனால் பன்னிரண்டு வருடத்தில் வாடிக்கைக்காரர் முன்னால் என்னை ஒரு தடவைகூட திட்டியதில்லை, நான் கடை போட்டது இவரிடம் படித்த தொழிலால், இதை நேரில் சொல்ல மூன்று வருடமாக எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தான். ஒரு நேர்காணலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அன்று மாலை ஸ்டாலில் அவனைக் கட்டிப்பிடித்தேன், கஞ்சி அடிப்பிடிக்குது நானா என்றான். பெருநாள் கழித்து அவன் பிள்ளையைப் பார்க்க நானும் உம்மாவும் போகிறோம்.

நேற்று ஷாமளா போன் செய்து பதில் சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள். பெருநாள் கழித்து முதல் திங்கள்கிழமை ஆரம்பம், தினமும் மதியம் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை, அந்த நேரத்தில்தான் கடைக்காரர்களுக்கு உட்கார நேரம் கிடைக்கும் என்று நான் சொன்னதையே வேலை நேரமாக வைத்துவிட்டார்கள். இத்தனையும் நீ போட்ட அந்த மூன்று நட்சத்திரத்தால் வந்தது. நான் கத்தியும், நீ எனக்குப் பொருத்தமானதைத் தேடி வைத்துவிட்டுத்தான் நிறுத்தியிருக்கிறாய். வாப்பாவுக்கு என்ன தெரியும் என்று உலகத்திலேயே உனக்குத்தான் தெரிந்திருக்கிறது. அல்லாஹ் உன்னை எனக்குக் கொடுத்ததற்கு எத்தனை சஜ்தா செய்தாலும் போதாது.

ஷாமளா போனை வைக்கும் முன்னால் நான் ஒன்று கேட்டேன். வீட்டிலிருந்து வேலை என்கிறீர்களே, எந்த வீட்டிலிருந்து? லைன் நல்லா இருந்தா எந்த வீடா இருந்தாலும் சரி அங்கிள் என்றாள். மகள் வீடு நியூசிலாந்தில் இருக்கிறது, அங்கிருந்து செய்யலாமா என்றேன். மூணு மாசம் இங்கேருந்து பழகுங்க, அப்புறம் நல்லா போயிட்டு வாங்க என்றாள். இங்கே மூன்று மணி என்றால் அங்கே ஜூலையில் ஏழு மணியாம், பார்த்துவிட்டேன். பகலெல்லாம் நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய், நான் உனக்குச் சமைத்து வைப்பேன், நீ வந்து சாப்பிட்ட பிறகு நான் வேலைக்கு உட்காருவேன். உன் பட்டமளிப்புக்கு நான் வரவில்லை. கடையை விட்டு எப்படி வருவது என்று சொல்லி உம்மாவை மட்டும் அனுப்பினேன். கடை ஒரு வாரம் பூட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது மகளே, அது அப்போதும் எனக்குத் தெரியும். படத்தில் நீ உம்மாவுக்கும் உனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நின்றிருந்தாய். அதை நான் பார்த்தேன், பார்த்த மாதிரி ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை.

அதனால் நீ வராதே. டிக்கெட்டை ரத்து செய், கடிதத்தைக் கிழித்துப் போடு, எட்டு மாதத்தையும் முடி. ஜூலையில் நாங்கள் வருகிறோம்.

அல்லாஹ் உன் கையிலும் கண்ணிலும் பரக்கத் தரட்டும், நல்ல ஆட்களை உன்னைச் சுற்றி வைக்கட்டும். விடியுமுன் சஹருக்கு வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் போகாதே, ஒரு முட்டையாவது சாப்பிடு. விமான நிலையத்துக்கு வரும்போது உம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொண்டு வா. எனக்கு வேண்டாம், எனக்குக் குளிராது என்று எழுதிவிட்டு உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பொய், ரெண்டா கொண்டாரச் சொல்லுங்க என்கிறாள். இரண்டாகவே கொண்டு வா.

துஆக்களுடன்,
உன் வாப்பா
அப்துல் ஹலீம்