வராதவரின் வாக்கு

மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்டிருக்கிறாய். முழங்கால் வலிக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அப்பாவின் சாப்பாட்டு மேசையை நீ வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன், வேட்டியெல்லாம் கறை. மற்றபடி சௌக்கியம்.

நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுத அவை கூட்டியிருக்கிறார்கள். நர்சுகள் சங்கச் செயலாளரான நீ அதில் உறுப்பினர். சந்தோஷம். அந்தப் பாடத்தையே ஆயுள் முழுக்கக் கல்லூரியில் நடத்திய நான் ஆலோசகர் பட்டியலில்கூட இல்லை. என் நோட்ஸை மனப்பாடம் பண்ணிப் பாஸானவன் ஆலோசகர்! இப்போது உன்னைத் திருத்தங்களுக்கான குழுவில் போட்டதும் அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது. "அடிப்படையிலேர்ந்து சொல்லிக்கொடுங்கண்ணா, எனக்கு ஒண்ணும் புரியலை" என்று எழுதுகிறாய். ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியபோது இது புரியவில்லையா?

சரி, தலையெழுத்து. கேள்.

சாதாரணச் சட்டம் தெருவில் போகிறவனைக் கட்டும். அரசியலமைப்பு, சட்டம் போடுகிறவனையே கட்டும். யார் ஆள்வது, எப்படி வருவது, எப்போது போவது, குடிமக்களின் எந்த உரிமையில் கை வைக்கக்கூடாது, வைத்தால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது, இவ்வளவுதான். மீதியெல்லாம் தோரணம். பல நாடுகளில் அது ஒரே புத்தகம். சில நாடுகளில் பழைய சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் வழக்கத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். புத்தகம் இருக்கிற இடத்திலும் பாதிக் காரியம் வழக்கத்தில்தான் நடக்கும். தோற்றவன் மறுநாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது எழுத்தில் இருந்தால் போதாது, அவனுக்கு வெட்கமும் இருக்க வேண்டும்.

அது மாறுவது எப்படி? நீதிபதி புது அர்த்தம் சொல்லி மாற்றுவார். ஆள்கிறவர்கள் சத்தம் போடாமல் புது வழக்கத்தைப் புகுத்தி மாற்றுவார்கள். நேர்வழி என்றால் திருத்தம். அந்தக் கதவை அகலமாக வைத்தால் ஜெயித்து வருகிறவன் ஒவ்வொருவனும் வீட்டை இடித்துக் கட்டுவான். பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டால் ஒருநாள் சுவரை உடைத்துக்கொண்டு வருவார்கள், துப்பாக்கியோடு. அதனால்தான் சில இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறார்கள். சில இடங்களில் மக்களிடமே வாக்கெடுப்பு. சில இடங்களில் இன்று ஒரு முறை, பொதுத்தேர்தல் முடிந்து புதிய அவை வந்ததும் மறுபடி ஒரு முறை.

இதற்குமேல் வேண்டுமானால் உன் ஆலோசகரைக் கேள். இல்லையென்றால் உன் சர்வேயரைக் கேள். அவருக்குத் தெரியாத எல்லையா?

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

கோபத்தோடு எழுதினாலும் ஒரு வருடப் பாடத்தை ஒரு பக்கத்தில் புரியவைத்துவிட்டீர்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் குழுவில் வாசித்துக் காட்டினேன். கிணற்றில் போட்ட சாவி வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், இது எங்க சார் பேசற மாதிரியே இருக்கே" என்று நெளிந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

இப்போது குழு ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்பது முடிவாகிவிட்டது. எதில் மூன்றில் இரண்டு? மொத்த உறுப்பினர்களிலா, அன்றைக்கு வந்து வாக்களித்தவர்களிலா? மூன்று நாளாக இதே சண்டை. வெளியே டீ கொண்டுவருகிறவர்கூட ஒரு கட்சி எடுத்துவிட்டார். நீங்களே ஒரு வாசகம் எழுதித் தர வேண்டும், அண்ணா. இந்த முறை உங்கள் பெயரைச் சொல்லியே வைக்கிறேன்.

குழாய்க்கு ஆள் அனுப்பவா என்று இவர் கேட்கிறார். இன்னொன்று, கோபிக்காதீர்கள். 'உன் சர்வேயர்' என்று எழுதுகிறீர்கள். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவரை உங்களுக்குக் கூப்பிட ஓர் உறவுமுறை இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாலு


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுக் கடிதத்தைச் சபையில் வாசித்திருக்கிறாய். உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் என் பழைய ஃபெயில் மார்க் ஷீட்டை எடுத்து நீட்டியவள்தானே. போகட்டும். அவன் காது சிவந்தது என்பதால் மன்னிக்கிறேன்.

குழாய்க்கு ஆள் வேண்டாம். ஆளோடு உன் சர்வேயரும் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார். முதல்முறை நம் வீட்டுக்கு வந்து, டீயில் ஒரு வாய்கூடக் குடிக்காமல், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மதில் ஒரு சாண் பக்கத்து மனையில நிக்குது போலிருக்கே சார்" என்றவர். அந்த மதில் நான் நின்று கட்டியது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இன்றுவரை யாரும் அதை அளக்கவில்லை. நான் அளக்க விடவும் மாட்டேன்.

நீ கேட்ட வாசகம்:

'அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தாலன்றி எத்திருத்தமும் நிறைவேறாது. வராதவரும், வாக்கெடுப்பின்போது எழுந்து சென்றவரும், வாய் திறவாதவரும் எதிர்த்து வாக்களித்தவராகவே கொள்ளப்படுவர். இப்பிரிவு எக்காலத்திலும் திருத்தப்படலாகாது.'

ஓர் எழுத்தைத் தொடாதே. எழுந்து போகிறவன் வேலையில்லாமலா போகிறான்? அவன் போனதே பதில். அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிறவர்கள் கையைத் தூக்கி 'ஏகமனதாக நிறைவேறியது' என்று சொல்லிக்கொள்வதைப் போன்ற அயோக்கியத்தனம் வேறில்லை.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

'ஏகமனதாக' என்ற வார்த்தையைப் பார்த்ததுமே கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். குழுவில் வைக்கவில்லை.

அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து வீட்டையும் டைம்டேபிள் போட்டு நடத்தியவர். பெரிய காரியம் எதுவானாலும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கை தூக்கச் சொல்லுவார். புது ஃபேனா, அம்மாவுக்கு ஆபரேஷனா, எல்லாம் கை. என் கல்யாணப் பேச்சும் அங்கேதான் வந்தது. "சரி, கை தூக்குங்க" என்றதும் நீங்கள் எழுந்து முற்றத்துக்குப் போய் சைக்கிளுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தீர்கள். அம்மாவும் நானும் கை தூக்கினோம், அப்பாவும் தூக்கினார். "மூணு பேர், மூணு கை. ஏகமனதாப் பாஸ்" என்றார். நீங்கள் என் கல்யாணத்துக்கு வரவில்லை. இந்த வீட்டு வாசலை இன்றுவரை மிதிக்கவில்லை.

அண்ணா, நீங்கள் எழுதிய பிரிவு நாட்டுக்கு இல்லை. அந்தச் சாயங்காலத்துக்கு.

அதை நிறைவேற்றினால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு நல்ல திருத்தத்தைக் கொல்ல எவனும் பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். வீட்டில் படுத்துத் தூங்கினால் போதும். எங்கள் வார்டில் ரவுண்ட்ஸுக்கு வராத டாக்டரை 'சிகிச்சை வேண்டாம் என்றார்' என்று எழுதினால் ஒரு நோயாளிகூட மிஞ்சமாட்டார். மேலும், எக்காலத்திலும் திருத்தக்கூடாதாம்! சாவியைக் கிணற்றில் போடாதே என்று மார்ச்சில் எழுதியவர் யார்?

அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்து "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், "ஏண்டா?" என்று அப்பா கேட்டிருப்பார். மதில் என்றா சொல்லியிருப்பீர்கள்?

தங்கை


ஏப்ரல் 15

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் சட்ட விளக்கம் கிடைத்தது. எனக்குப் பாடம் எடுக்க நம் வீட்டிலேயே ஆள் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஆம், மதில் என்றுதான் சொல்லியிருப்பேன். எல்லோரும் சிரித்திருப்பீர்கள். அதனால்தான் எழுந்து போனேன்.

ஒன்று தெரிந்துகொள். சைக்கிளில் காற்று ஏற்கனவே நிறைய இருந்தது. அந்த முற்றத்துக்கும் மேசைக்கும் நடுவே ஒரு ஜன்னல், அதுவும் திறந்திருந்தது. நீங்கள் பேசியது ஒவ்வொன்றும் எனக்குக் கேட்டது. பம்பை அடித்துக்கொண்டே காத்திருந்தேன். "டேய், உள்ளே வாடா" என்று ஒரு வார்த்தை. யாராவது சொன்னீர்களா? எண்ணிக்கை முடிந்து அம்மா பாயசம் வைக்க எழுந்துவிட்டாள்.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 30

அன்புள்ள அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று மாதம் கேட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

திருத்தப் பிரிவு நேற்று அவையில் நிறைவேறியது. வாசகம் இது:

'வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்கும் திருத்தம் முதல்நிலையில் மட்டுமே நிறைவேறியதாகும். பொதுத்தேர்தலுக்குப் பின் கூடும் புதிய அவையில் அது மீண்டும் அதே அளவு ஆதரவைப் பெற வேண்டும். இரண்டாம் வாக்கெடுப்புக்கு முன், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்பப்பட வேண்டும்.'

இரண்டு முறை என்பது உங்கள் முதல் கடிதத்திலேயே இருக்கிறது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கடைசி வரியை மட்டும் நான் சேர்த்தேன். "அழைப்பா? இது என்ன கல்யாண வீடா?" என்று ஆலோசகர் கேலி செய்தார். "கல்யாண வீடுதான் சார், அங்கேதான் இதைக் கத்துக்கிட்டேன்" என்றேன். வராதவரை எதிரியாக எண்ணக்கூடாது, அண்ணா. ஆனால் அவர் இல்லவே இல்லை என்று மேலே போய்விடவும் கூடாது. இன்னொரு முறை கூப்பிட வேண்டும்.

அன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது எனக்கும் தெரியும். பம்பின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் வந்து வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன்.

நம் வீட்டு அவையில் அப்பா இல்லை, அம்மா இல்லை. நீங்களும் நானும்தான் மிச்சம். அதே தீர்மானத்தை அதே மேசையில் இரண்டாம் முறை வைக்கிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்த்தும் கை தூக்கலாம். காரணம் எதுவானாலும் யாரும் சிரிக்கமாட்டோம். டேய் என்று கூப்பிட எனக்கு வயதில்லை.

உள்ளே வாங்க, அண்ணா.

வாலு


ஆகஸ்ட் 4

அன்புள்ள வாலுவுக்கு,

உங்கள் பிரிவைப் படித்தேன். ஓட்டை. அழைப்பு அனுப்ப வேண்டும் என்கிறீர்கள், யார் அனுப்புவது? அவைத்தலைவரா, செயலாளரா? அனுப்பாவிட்டால் வாக்கெடுப்பு செல்லுமா, செல்லாதா? இதை வைத்தே வக்கீல்கள் இரண்டு தலைமுறை சோறு தின்பார்கள். அந்த ஆலோசகனுக்கு நான் போட்ட பாஸ் மார்க்கைத் திரும்ப வாங்க வழியிருக்கிறதா என்று விசாரி.

இறந்தவர்கள் போட்ட தீர்மானம் இருக்கிறவர்களை எவ்வளவு தூரம் கட்டும் என்பது என் பாடத்திலேயே கஷ்டமான கேள்வி. பரீட்சையில் கேட்பேன், எவனும் ஒழுங்காக எழுதியதில்லை. எனக்கும் பதில் தெரியாது. ஆனால் உன் தீர்மானத்தில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. இருப்பதே இரண்டு வாக்கு. நான் எதிர்த்தால் ஒன்றுக்கு ஒன்று. மூன்றில் இரண்டு வராது, கல்யாணம் ரத்து. இந்த வயதில் உன்னை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள என்னால் ஆகாது. குழாய் வேறு ஒழுகுகிறது.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி போடு. அப்பாவுடையதையும் அம்மாவுடையதையும் எண்ண வேண்டாம், ஆனால் எடுத்துவிடாதே. மாப்பிள்ளைக்கு ஐந்தாவது நாற்காலி போட்டு என் பக்கத்தில் உட்காரச் சொல். டேப்பையும் கொண்டுவரச் சொல். திரும்பும்போது என்னோடு வந்து அந்தச் சனியன் பிடித்த மதிலை அளந்துவிட்டுப் போகட்டும். மேசையில் அவருக்கு இடம் உண்டு, வாக்கு கிடையாது.

அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

உன் அண்ணன்