உன் பங்கு விரால்

மாப்ள,

மூன்று நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், கையில் இந்த மீன் நாற்றம் போகவில்லை. எலுமிச்சைத் தோலையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். சீ! சோற்றுக் கையை வாயருகே கொண்டுபோனாலே குமட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. நீ இல்லாத முதல் திருவிழா. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் சனம் கூடையும் வலையுமாக விழுந்தடித்து இறங்கியது. கூடைக்குள் கைவிட்டவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். கெண்டை இல்லை, குரவை இல்லை. அத்தனையும் ஆப்பிரிக்கன் கெளுத்தி. கறுப்பாக, வழவழவென்று, மீசையோடு, கரையில் கொட்டுகிற கோழிக் கழிவைத் தின்று கொழுத்த சனியன்கள். ஒன்றின் வயிற்றைக் கிழித்தபோது இறகு வந்தது. அதைப் பார்த்து ஒரு பெண் வாந்தியெடுத்தாள்.

இதைக் கண்மாயில் விட்டது யார் என்று உனக்குத் தெரியும். நான் திருநகரிலிருந்து ஸ்கூட்டரில் வர, இரண்டு பேரும் தூண்டிலைப் போட்டுவிட்டு அரை நாள் தக்கையையே பார்த்துக் கிடப்போம். உனக்கு அதுவே போதும். எனக்கு மீன் கடிக்க வேண்டும். தடை செய்த இந்தக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக வளர்க்கும் ஒருவனிடம் குஞ்சு வாங்கி, பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"வேணாம் மாப்ள. அது என்னத்தையும் திங்கும். மத்த மீன வாழ விடாது. ஊர்க் கண்மாய்டா இது."

"பத்துக் குஞ்சுதானடா, கண்மாய் அம்புட்டையுமா தின்னுறப் போகுது?" என்று அவிழ்த்துக் கொட்டினேன். ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. ஆனால் சாகும்வரை ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்றைக்குக் கரையில் ஒருவர் கத்தினார்: "எந்த எடுபட்ட பய விட்டான் இத?"

"வாரா வாரம் தூண்டிலோட உக்காந்திருப்பானே, செத்துப்போனவன். அவனாத்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

உன் மனைவி காலியான அலுமினியச் சட்டியோடு அங்கேதான் நின்றாள். நேரே என்னிடம் வந்தாள். "எந்நேரமும் கூடவே இருப்பீகளேண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. அவரு இதச் செஞ்சிருப்பாரா?"

"தெரியலையேம்மா" என்றேன்.

த்தூ! என் மூஞ்சியில் நானே துப்பிக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால் ஊரார் தோலை உரித்துவிடுவார்கள் என்ற பயம், வேறொன்றுமில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். உன் அண்ணன் கூடையில் ஒரே ஒரு விரால் அகப்பட்டிருந்தது. கண்மாய் மீனை உங்கள் ஊரில் விற்கமாட்டார்கள், பங்குதான் போடுவார்கள். அதை என் பையில் வைத்து, "அவரு பங்கு உங்களுக்குத்தாண்ணே" என்றாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

குழம்பு வைத்துத் தின்றேன், மாப்ள. முள்ளைக்கூட விடாமல் சப்பினேன். அந்தக் கைதான் இது.