காரணம் எழுதாமல் நீக்கிய மடல்

இன்று காலை எங்கள் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி கிடந்தது: 'இந்தச் செய்தி அட்மினால் நீக்கப்பட்டது.' அதன் கீழே மதியம் வரை சண்டை. அட்மின் என்ன மகாராஜாவா, குழு யாருக்குச் சொந்தம், ஆரம்பித்தவருக்கா, சங்கத்துக்கா என்று எல்லோரும் கேட்டார்கள். நீக்கப்பட்டது தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய செய்தியாம். தொட்டியில் என்ன கிடந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இப்படி ஒரு சண்டையை ஓசூரில் நாம் முன்பே நடத்தி முடித்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சாட்சிக்கு நீ இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டருக்குப் போவோம். ஒரு கணினி, இரண்டு முக்காலி. தமிழை ஆங்கில எழுத்தில் ஒற்றை விரலால் நீ அடிப்பாய். நாலு வரி முடிவதற்குள் கடைக்காரர் 'டைம் ஆயித்து சார்' என்று கன்னடத்தில் எழுப்பிவிடுவார். இணையத்தில் நாம் நடத்திய மின்மடல் விவாதக் குழுவுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்தது நீ. தொடங்கிய அன்று உன் பாஸ்வேர்டை நீயே மறந்துபோனதால் என் பெயரில் பதிந்தோம். அந்த மறதியை ஈடுகட்ட, ஒவ்வொரு மடலின் அடியிலும் பெரிய எழுத்தில் FOUNDER என்று போட்டுக்கொண்டாய். அமெரிக்காவில் இருந்த இரண்டு உறுப்பினர்களிடம் அதற்கு மதிப்பிருந்தது.

வரும் மடல்களை நான் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். அதற்கு நீ வைத்த சட்டம் நாம் வேலை பார்த்த கம்பெனியின் சட்டம். இருவரும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அளவு தவறிய உருப்படியைச் சிவப்புத் தொட்டியில் போடும் முன், ஏன் தள்ளினோம் என்று சிவப்புச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டுவோம். 'தள்றதுன்னா தள்ளுடா. ஆனா சீட்டுக் கட்டிட்டுத் தள்ளு. செஞ்சவனுக்குத் தெரியணும்ல' என்றாய். கவிதை அனுப்பிய ஒருவருக்கு நீ எழுதிய காரணம்: 'நீளம் கூடுதல், உள்ளே காலி.' அவர் குழுவைவிட்டே போய்விட்டார். சட்டம் நின்றது.

குழுவைப் பற்றி நம் மேனேஜரிடம் பெருமையடித்து அவரையும் சேர்த்துவிட்டவன் நான். சந்தேகமிருந்தால் நீ சிரித்த சிரிப்பை நினைத்துக்கொள்.

பிறகு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் முனிராஜுவின் இரண்டு விரல்கள் போயின. வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பையன், ஒப்பந்தக் கூலி. அவன் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. அப்படி எழுதினால் நஷ்டஈடு சுருங்கும். நீ அந்த ஞாயிறு தனியாகப் போய், குழுவின் பக்கத்திலேயே நேராக ஒரு மடல் அடித்து அனுப்பினாய். நகல் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மாலை நான் அதைத் திறந்தேன். கடைக்காரர் இரண்டு முறை எழுப்பும்வரை படித்தேன். பிறகு நீக்கினேன். சீட்டுக் கட்டவில்லை.

வந்தது போர். 'நிறுவனரின் மடலையே நீக்குவதா?' என்று ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியே முறையிட்டாய். நான் 'குழுவின் அமைதி கருதி' என்று பதில் எழுதினேன். அமைதியைக் கருதுவதில் எனக்கு இயல்பான திறமை உண்டு. கிருஷ்ணகிரி வக்கீல் குமாஸ்தா ஒருவர், பிரௌசிங் சென்டருக்குப் பணம் கொடுத்தவருக்கே குழு சொந்தம் என்றார். பெயர் வைத்தவருக்கு என்றார் இன்னொருவர். அமெரிக்க உறுப்பினர்கள் கருத்துச் சுதந்திரம் பற்றி ஆளுக்கொரு கட்டுரை அனுப்பினார்கள். இரண்டும் நன்றாகவே இருந்தன. அந்த மடலை நீ திரும்ப அடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் உனக்கும் வேறு வேலை வந்துவிட்டது. 'நான் பெத்த புள்ளைக்கு நீ கார்டியனாடா?' என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோர் முன்னும் கேட்டாய். 'பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கோ அவன்தான் அப்பன்' என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்று நான் வென்றதாக நினைத்தேன்.

மாம்பழக் காலம் வந்தது. பேருந்து நிலைய வாசலில் கூடை இறக்கிக்கொண்டிருந்த முனிராஜு நம்மைக் கண்டு ஓடிவந்தான். வலது கையில் மூன்று விரல்.

'சார், என்னப் பத்தி கம்ப்யூட்டர்ல எழுதுனீங்களாமே. ஒரு காப்பி குடுங்க சார். லேபர் ஆபீஸ்ல எழுத்துல ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறாங்க.'

நீ வாயைத் திறந்தாய். கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புத் தகட்டைக் கழற்றியது எந்த ஷிஃப்டில், கழற்றச் சொன்னது யார், எல்லாம் கேட்டறிந்து எழுதியிருந்தாய். இப்போது நாளும் ஷிஃப்டும் குழம்பின. நிறுவனர் உரிமை பற்றி எழுதியதெல்லாம் உனக்கு மனப்பாடம், இது போய்விட்டது. உன் முகம் கறுத்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

'நீ படிச்சிட்டுத்தானடா அழிச்ச? சொல்லுடா.'

'ஞாபகமில்லப்பா' என்றேன்.

முனிராஜு எனக்கு ஒரு மாம்பழம் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

நீ அவனோடு கிருஷ்ணகிரி லேபர் ஆபீஸுக்குப் போனாய். 'வர்றியா?' என்று ஒரு தடவை கேட்டாய். ஷிஃப்ட் இருக்கிறது என்றேன். அன்று எனக்கு ஷிஃப்ட் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஷிஃப்ட் அட்டவணை போட்டதே நீதான். உனக்குத் தெரிந்த மட்டும் வாயால் சொன்னாயாம். அங்கே தேதி கேட்டார்களாம், எழுத்தில் கேட்டார்களாம். கம்பெனி எழுதியது அப்படியே நின்றது. உன்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு FOUNDER என்று நீ எங்கும் போட்டதில்லை. குழுவை இலவசமாக நடத்த இடம் கொடுத்த அயல்நாட்டுக் கம்பெனி ஒருநாள் கடையைச் சாத்தியது. அது யாருடைய குழு என்ற கேள்விக்கு அப்படி விடை கிடைத்தது.

பிறகும் என்னோடு பேசினாய். கல்யாணப் பத்திரிகை வைத்தாய், என் அம்மாவின் சாவுக்கு வந்தாய். அந்த மடலைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நன்றாகத்தான் சொல்கிறேன், கிட்டத்தட்ட நம்பும்படி.

உன் மடல் எனக்கு இன்றும் வரிவரியாக நினைவிருக்கிறது. இதோ:

'முனிராஜு கவனமாகத்தான் இருந்தான். வேகம் போதவில்லை என்று முந்தின நாள் இரண்டாம் ஷிஃப்டில் பிரஸ்ஸின் காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னது நம் மேனேஜர். அவரும் இந்தக் குழுவில் இருக்கிறார். தவறு என்றால் அவரே இங்கே மறுக்கட்டும்.'

இதற்குக் கட்ட வேண்டிய சீட்டு:

தள்ளியவர்: நான். அளவு: சரி. குறை: இல்லை. காரணம்: மேனேஜர் படித்துவிடுவார்.