பார்டர் பாஸ்

மாப்பிள்ளை,

முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கடைக்கு வந்து ஜெராக்ஸ் மெஷினைத் தட்டி எழுப்பி, காத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்த பிறகும் ஸ்பிரிட் வாசனை போகவில்லை. இந்த வாசனைக்கு உன் முகம்தான். ஊசி குத்தி முடித்ததும் பஞ்சை மூக்கருகே கொண்டுபோய், "என்னா வாசனை மச்சான், இதுக்காகவே வாரத்துக்கு ஒரு தடவ குத்திக்கலாம்" என்று லேப் பெண்ணைச் சிரிக்க வைப்பாய். அப்புறம் உன் அலுவலகத்துக்குப் போய், ஒரு குடம் ரத்தம் எடுத்தார்கள், பாதி லேபுக்கு, மீதி நாட்டுக்கு என்று அறிக்கை விடுவாய்.

ரிசல்ட் மாலையில்தான் வரும். சர்க்கரையில் நான் இன்னும் பார்டரில் நிற்கிறேனா, உன்னைப் போலத் தாண்டிவிட்டேனா என்பது அப்போது தெரிந்துவிடும். அதுவரை கை வேலையில் ஓடாது. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன் மனைவி, அதாவது என் தங்கை, கடை அடைக்கும் முன் வந்துவிடுவாள். டாக்டரிடம் இருவருமாகப் போக வேண்டும் என்பது அவள் சட்டம்.

பள்ளிக்கூடத்திலேயே என்னை மச்சான் என்று கூப்பிட்டவன் நீ. எல்லாப் பையன்களும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள் என்று நானும் இருந்துவிட்டேன். அதில் உள்நோக்கம் இருந்தது என்பது, நீ தாம்பாளத்தோடு பெண் கேட்டு வந்த அன்றுதான் புரிந்தது. அதற்கப்புறம் வீட்டுக்குள் "வாங்க மாப்பிள்ளை", வாசலைத் தாண்டினால் "வாடா தடியா" என்று எனக்கு இரட்டை நாக்கு முளைத்தது.

அந்த நாளிலேயே நீ முப்பத்தைந்து மதிப்பெண்ணின் முடிசூடா மன்னன். கணக்கில் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. வாத்தியார் அந்த எண்ணை உன் பெயருக்கே எழுதி வைத்துவிட்டார் என்று ஊரே பேசியது. கேட்டால், "பார்டர்ல பாஸ் ஆனவனும் பாஸ்தான் மச்சான். நூறு வாங்கினவன் மிச்சத்த என்ன பண்ணுவான், ஊறுகாய் போடுவானா?" என்பாய். இந்த ஒரு வாக்கியம் பின்னால் நம்மை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

நம் ஊர் மாவட்டத் தலைநகரான வருஷம், உன் வயிறும் தலைநகரானது. அதுவரை தினமும் சைக்கிள் மிதித்து வெளியூர் அலுவலகத்துக்குப் போய்வந்தவனுக்கு உள்ளூரிலேயே நாற்காலி கிடைத்தது. சைக்கிள் போய் மொபெட் வந்தது. பதினோரு மணிக்கு போண்டா, நான்கு மணிக்கு பஜ்ஜி, நடுவில் யாராவது மாற்றலாகிப் போனால் மைசூர்பாகு, மாற்றலாகி வந்தால் ஜாங்கிரி. அந்தக் காலத்தில் மாற்றலாகாதவர்களே கிடையாது. உன் தொந்தியின் வளர்ச்சியைக் கண்டு மலையே கொஞ்சம் கவலைப்பட்டது. பௌர்ணமிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அண்ணாமலை என்று நினைத்து உன்னைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்களோ என்று எனக்கும் பயம்தான்.

கிரிவலத்தை நீ விட்டதில்லை. ஆனால் எப்படிப் போனாய்? கிளம்பும் இடத்தில் சுண்டல், கொஞ்ச தூரத்தில் கரும்புச்சாறு, அடி அண்ணாமலையில் மிளகாய் பஜ்ஜி, அன்னதானப் பந்தல் எதைப் பார்த்தாலும் "சாமி பிரசாதத்த வேணாம்னு சொல்லக் கூடாது மச்சான்". மலையைச் சுற்றிவிட்டு, புறப்பட்டபோது இருந்த எடையைவிட அதிக எடையோடு திரும்பிய ஒரே பக்தன் நீ.

முதல் தடவை ரத்தம் கொடுத்தது நினைவிருக்கிறதா? உன் அலுவலகத்தில் பரிசோதனை முகாம் போட்டார்கள். பெஞ்சில் துணைக்கு உட்கார்ந்திருந்த என் கையையும் இழுத்து நீட்டிவிட்டாய். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு பேருக்கும் கொலஸ்ட்ரால் ஜாஸ்தி. அதுலயும் கெட்டது ஜாஸ்தி, நல்லது கம்மி. சுகர் பார்டர்ல நிக்குது" என்றார்.

உன் முகத்தில் அன்று உதித்த சூரியனை நான் மறக்க மாட்டேன். "பார்டர்தானே டாக்டர்? அப்ப பாஸ்தானே?"

அவர் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். "பாஸ் இல்லைங்க. வாசப்படில நிக்கறீங்க. இப்பவே நடந்து, எடையக் குறைச்சு, எண்ணெயையும் இனிப்பையும் கம்மி பண்ணா வெளிய வந்துடலாம். இல்லன்னா உள்ள போயிடுவீங்க. இந்தக் கொழுப்பும் சர்க்கரையும் உங்க ரெண்டு பேரு மாதிரி. ஒருத்தர் வந்தா பின்னாடியே இன்னொருத்தரும் வருவாரு."

வெளியே வந்ததும் நீ நேராகக் கடைக்குப் போய் என் தங்கைக்கு அரக்கு நிறத்தில் ஓர் ஆரணிப் பட்டு எடுத்தாய். அகலமான மாங்காய்க் கரை. "பார்டர் வந்திருக்கு, அதான் பார்டர் எடுத்தேன்" என்று அவளிடம் நீட்டினாய். விவரம் புரியாமல் அவளும் சந்தோஷப்பட்டாள். சர்க்கரையால் எங்கள் அப்பாவின் கால்விரல்களை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவன் நான். டாக்டரம்மா பார்டர் என்றதும் உனக்குப் பரீட்சை தெரிந்தது. எனக்கு முள்வேலியும், பனியும், துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பதும்தான் தெரிந்தன. அன்று முதல் நான் எல்லைக்காவல் வேலையில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, சீருடை லுங்கி, ஆயுதம் பாகற்காய்.

உன்னையும் படையில் சேர்க்க நான் நடத்திய போர்கள் சரித்திரத்தில் ஏற வேண்டியவை. உன் தட்டிலிருந்து வடையைப் பறிப்பேன். நீ என் தட்டிலிருந்த வெள்ளரிக்காயைப் பறித்து மாட்டுக்குப் போடுவாய். ஆனால் நீ என்னைவிடத் தந்திரசாலி. டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கஞ்சி குடித்து, மொபெட்டை நிறுத்திவிட்டு நடந்து, தவம் இருப்பாய். ரத்தம் கொடுத்த அரை மணியில் நெய் சொட்டும் பொங்கல். ரிசல்ட்டில் மறுபடி பார்டர் வரும். "பாத்தியா? பரீட்சைக்கு முந்தின வாரம் படிச்சாப் போதும் மச்சான். வருஷம் பூரா படிக்கறவன் மக்கு."

டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. உன் தொந்திக்கும் உன் மதிப்பெண்ணுக்கும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறொரு டெஸ்டுக்கு ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும் டெஸ்ட் அது. ஒரு வாரத் தவமெல்லாம் அதனிடம் செல்லாது.

"தாண்டிட்டீங்க" என்றார் டாக்டரம்மா. அவ்வளவுதான்.

நீ மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தாய். கோபுரத்தெரு முனையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாய். அப்புறம், "என் ரத்தமே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு மச்சான்" என்றாய். சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிவதற்குள் என் வீட்டுக் கதவைத் தட்டினாய். காலில் புத்தம் புது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, தலையில் குரங்குக் குல்லா. எவரெஸ்ட் ஏறக் கிளம்பியவன் தெரு மாறி வந்துவிட்டான் என்று நினைத்தேன். "சப்ளிமென்டரி எழுதலாம்னு வந்தேன். கூட வர்றியா?" என்றாய்.

எழுதினாய். அதையும் சொல்ல வேண்டும். மழை, பனி, தீபத் திருவிழாக் கூட்டம் எதற்கும் நிற்கவில்லை. மொபெட்டை விற்றாய். அலுவலகத்தில் யாரோ ஜாங்கிரி நீட்டியபோது கும்பிட்டு விலகினாய் என்று கேள்விப்பட்டு நான் அரை நாள் கடையை மூடிக் கொண்டாடினேன். சர்க்கரை இறங்கியது, தொந்தி தாலுகா அளவுக்குச் சுருங்கியது. ஆனால் நீ விளையாடிய அத்தனை வருஷமும் கொழுப்பு உன் இதயக் குழாயில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு லீவே கிடையாது போல.

செங்கம் சாலையைத் தாண்டிப் போகும்போது வருமே, அந்தச் சின்னப் பாலம். ஒரு நாள் காலை நடையில் அதன் கட்டையில் உட்கார்ந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. "லேசா மூச்சு வாங்குது. நீ போய்ட்டு வா மச்சான், நான் இங்கயே நிக்கறேன்" என்றாய். நான் போகவில்லை. ஆட்டோவை மறித்து ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, "இன்னைக்கு அட்டென்டன்ஸ் மட்டும் போட்டுடு" என்றாய். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

அன்று நான் முடிவெடுத்தேன். என் தங்கை ஒரு தடவை உட்கார்ந்து அழுதாயிற்று. என்னால் அவள் இன்னொரு தடவை உட்காரக் கூடாது. அப்பாவின் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது, அதை மாற்ற முடியாது. காலும் வாயும் என்னுடையவை. காய்ச்சல் வந்தால் ஒழிய நடக்காத நாளில்லை. நம் பஜ்ஜிக் கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே, "என்னா சார், இன்னும் வைராக்கியம்தானா? ஒண்ணே ஒண்ணு, சூடா இருக்கு" என்பார். நான் சிப்பாய் மாதிரி சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுவேன். அந்த வாசனைக்கு என் மூக்கு மட்டும் கொஞ்சம் பின்தங்கி வரும்.

இதோ, தங்கை வந்துவிட்டாள். போய் வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அவள் அரக்குப் பட்டைத்தான் கட்டி வந்திருந்தாள். "டாக்டர்கிட்ட போறதுக்கு எதுக்கும்மா பட்டு?" என்றேன். "நீ பரீட்சை எழுதியிருக்க. நான் ரிசல்ட் பாக்க வர்றேன், கேக்காத" என்றாள். தெருவில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

உள்ளே என்னை மட்டும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. மூன்று மாத டெஸ்டையும் சேர்த்துப் பார்த்தார். "கொலஸ்ட்ரால் நல்லா இறங்கியிருக்கு. சுகர் அதே பார்டர்தான். இவ்ளோ வருஷமா அங்கயே நிக்கறீங்க, பெரிய விஷயம்ங்க. விட்டுடாதீங்க" என்றார்.

வெளியே வந்தேன். தங்கை முந்தானைக் கரையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா சொன்னாங்க?"

"பார்டர்லயே இருக்கேனாம்."

விரலில் சுற்றிய கரையை விட்டாள். அப்புறம் உன் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, "அப்ப பாஸ்தானே?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது.

"இன்னைக்குப் பாஸ்தான். நாளைக்கும் பரீட்சை இருக்கு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்கும் அதே அப்பாதானே? நானும் வர்றேன். விடியக்காலை வந்து கதவத் தட்டு. கட்டச் சொன்னாக் கூட இந்தப் புடவையைக் கட்டிட்டு வர மாட்டேன், பயப்படாத."

பஞ்சை இப்போதுதான் பிரித்தேன். வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளை, பாலத்தருகே நிற்கிறேன் என்றாயே, நின்றுகொண்டிரு. நாளைக்கு இரண்டு பேருக்கு அட்டென்டன்ஸ் போடு.