செல்விக்கு எழுதிக்கொடுத்த நற்சான்று

கூப்பிட்டால் உடனே ‘என்னடி’ என்று கேட்கும் என் அப்பாவுக்கு,

செல்வியை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த கொத்தனாரின் மனைவி, மார்த்தாண்டத்துக்காரி. சாரத்திலிருந்து விழுந்த தன் புருஷனோடு சேர்த்து உங்களையும் பார்த்துக்கொண்டவள். போன மாதம் நம் கரமனை வீட்டுக்கு வந்தாள்.

அவள் புருஷனால் அதற்குப் பிறகு சாரம் ஏறவே முடியவில்லையாம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் வேலை கேட்டிருக்கிறாள். முன்பு வேலை செய்த வீட்டிலிருந்து கடிதம் வேண்டும் என்றிருக்கிறார்கள்.

“அக்கா, ஒங்க வீட்டுல ஒரு வருஷம் நின்னேன்னு எழுதித் தருவியளா? எனக்கு இங்க வேற ஆரத் தெரியும்?”

எழுதினேன். ‘எங்கள் வீட்டில் ஓராண்டு பணிபுரிந்தார்.’ எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வரி! மகள் ஆள் வைத்து அப்பாவைக் கவனித்தாள் என்றாகிவிடுகிறது அல்லவா? படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

பிறகு நடந்ததை எழுதினேன். ‘இவரை நான் வேலைக்கு வைத்ததில்லை. என் அப்பா நாற்பது நாள் படுக்கையில் இருந்தார். லீவு கிடைக்காததால் பகலெல்லாம் நான் அலுவலகத்தில் இருந்தேன். கஞ்சி ஊட்டியதும், புரட்டிப் படுக்கவைத்ததும், துடைத்துவிட்டதும் இவர்தான். அப்பாவுக்குப் படுக்கைப்புண் வரவே இல்லை.’

‘லீவு கிடைக்காததால்’ என்பதை அடித்துவிட்டு, ‘லீவு கேட்காமல்’ என்று மாற்றினேன். அதுதானே உண்மை, அப்பா? உங்களை அந்த நிலையில் பார்க்க எனக்குப் பயம். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

மூன்றாம் நாள் அந்த அலுவலகத்து அம்மாள் போன் செய்தார். மலையாளம் கலந்த தமிழ்.

“வேலைக்கு வெச்சதில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பின்னே எந்தினா, எதுக்கு இந்தக் கடிதம்?”

“நான் செய்ய வேண்டியதையெல்லாம் அவ செஞ்சா. அதை என்னைவிட யாரு சொல்ல முடியும்?”

‘படுக்கைப்புண் வரவே இல்லை’ என்ற வரியை அவர் போனிலேயே ஒருமுறை வாசித்தார்.

“செரி. திங்களாழ்ச்ச வரச் சொல்லுங்கோ.”

செல்வி இப்போது பேரூர்க்கடையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் ஊட்டினால்தான் அவர் வாய் திறப்பாராம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் உங்கள் திவசம். ‘கோமதி அப்பாவை நன்னாப் பாத்துண்டா’ என்று சொந்தக்காரர்கள் வழக்கம்போலச் சொல்வார்கள். இத்தனை வருஷமும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். இந்த முறை ‘நான் இல்லை, செல்வி’ என்று எல்லார் முன்னாலும் சொல்வேன், அப்பா.

உங்கள் கடைக்குட்டி மகள்,
கோமதி