உப்பளத்தில் நான் சொன்ன பொய்

என் லீலாவுக்கு,

நேற்று நம் ஊர்ப் பக்கத்துப் புத்தளம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். நீ இல்லாமல் போவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக மனசு முன்னும் பின்னும் இழுத்தது. கடைசியில் ஷீபாதான் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, இந்த வாரம் விட்டா பறவை எல்லாம் வடக்க போயிரும். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது" என்றாள். கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டேன். சித்திரை பிறந்து நாலாம் நாள், அதுவும் வேலை நாளில். நீ நம்பியிருக்க மாட்டாய்.

ஷீபா நன்றாக இருக்கிறாள். தபால் ஆபீஸில் நீ உட்கார்ந்த கவுண்டர் இப்போது அவளுக்கு. உன்னிடமிருந்து தொற்றிய பறவைப் பைத்தியம் அவளை விடவில்லை. மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். சாப்பிடுகிறேன், லீலா. ரசம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. ஐப்பசியில் நீ உலகத்தை விட்டுப் போகிறவரைக்கும் ஐந்து மாதம் இருந்தது, சொல்லவில்லை.

போன வருஷம் பங்குனியிலேயே நீ கேட்க ஆரம்பித்துவிட்டாய். சுகர் உன் கண்ணை முழுசாக எடுத்து, கிட்னியையும் கெடுத்து, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் என்று ஆகியிருந்த நேரம். "அத்தான், ஒரு நாளு உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போறியளா? பாக்க முடியாட்டா என்ன, சத்தம் கேக்கலாம்லா" என்றாய். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் பங்குனியும் சித்திரையும் என் மோட்டார் ரிப்பேர் தொழிலுக்கு எப்படிப்பட்ட மாதங்கள் என்று உனக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் கீழே போகும், மோட்டார் வெறுமனே ஓடி உள்ளே செம்புக் கம்பிச் சுருள் கருகும், வயல்காரர்களும் தோப்புக்காரர்களும் வடசேரி கடை வாசலில் வந்து நிற்பார்கள். இந்த மோட்டார் முடியட்டும் என்றேன். அடுத்த வாரம் என்றேன். நான் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் இப்போது அதிகமாக வலிக்கிறது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் நீ ஷீபாவோடு போயிருப்பாய்.

நாம் போய்ச் சேர்ந்தபோது சித்திரை முடியப் பார்த்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பாத்தி வரப்பில் மெதுவாக நடந்தாய். பிறகு நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாய். காற்று மட்டும்தான் இருந்தது. பாத்திகள் காலியாகக் கிடந்தன. தூரத்தில் ஐந்தாறு பவளக்காலிப் பறவைகள் நின்றன; வருஷம் முழுக்க இங்கேயே கிடக்கிற, ஊர்க்காரர்கள் என்று நீ சொல்வாயே, அவை மட்டும். மற்றதெல்லாம் போய்விட்டிருந்தன. நான் தாமதித்துவிட்டேன்.

"என்ன அத்தான், சத்தமே இல்லியே? என்னமாவது நிக்கா?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணு நிக்கி, லீலா. கறுப்பும் வெள்ளையுமா. தடிச்ச கறுத்த மூக்கு."

எத்தனை ராத்திரிச் சாப்பாட்டில் அந்த நண்டுதின்னியைப் பற்றிச் சொல்லியிருப்பாய்! அரபு நாட்டுக் கரையில் மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும், நம் பக்கம் எப்போதாவது ஒன்றிரண்டு தவறி வரும், இருபது வருஷமாகத் தேடியும் உன் கண்ணில் படவில்லை என்று. நான் இட்லியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருக்கிறேன். கொட்டிய உம்மில் இவ்வளவு மனசில் நின்றிருக்கிறது என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் பிடி இறுகியது. "கால் என்ன நெறம்?"

"சாம்பல்."

"எப்பிடி நடக்கு?"

"தண்ணியில மெள்ள மெள்ள நடந்து கொத்துது."

நீ மறுபடி தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாய். அப்புறம் சிரித்தாய். "கொள்ளாமே அத்தான்! இருவது வருசம் என் கண்ணுல படாதது ஒங்க கண்ணுல பட்டுட்டே!" திரும்பி வருகிற வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஷீபாவுக்குப் போன் போடச் சொன்னாய். கண் போன பிறகு உன் பறவை லிஸ்ட்டை எழுதுவது அவள்தான்; அதற்காகத்தான் என்று நினைத்து, போட்டு உன் கையில் கொடுத்துவிட்டு நான் கடைக்கு ஓடினேன்.

நீ போன பிறகு அந்தப் பொய் என்னை அரிக்க ஆரம்பித்தது. நீ எப்படிப்பட்டவள்! சந்தேகம் இருந்தால் ஒரு பறவையைக்கூட லிஸ்ட்டில் எழுத மாட்டாய். தூரத்தில் பறந்த ஒரு கழுகை இன்னது என்று யாரோ அடித்துச் சொன்னதற்காகப் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாள் சண்டை போட்டவள். உன் பெயரில், உன் கடைசி லிஸ்ட்டில், நான் உண்டாக்கிய ஒரு பறவை நின்றுகொண்டிருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் சுருக்கென்றது. அதை எடுக்கச் சொல்லத்தான் நேற்று முக்கியமாகப் போனேன்.

உப்பளத்தில் கால் வைத்ததும் நான் கேட்டது சத்தம்தான், லீலா. எப்படிச் சொல்வேன்? ஆயிரம் பேர் மெல்லிய குரலில் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி. பாத்திக்குப் பாத்தி பறவைகள். உன் பைனாகுலரை ஷீபா எனக்குத் திருகிச் சரிபண்ணித் தந்தாள். வளைந்த மூக்குள்ள உள்ளான்கள் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. உப்புக்கொத்திகளுக்கு நெஞ்சில் காவி பூசின மாதிரி. சிட்டுக்குருவி அளவில் கொசு உள்ளான்கள் கால் ஓயாமல் ஓடின. "வடக்க போறதுக்கு முன்ன உடுப்பு மாத்துது அண்ணாச்சி. இப்ப தின்னுதது எல்லாம் வழிச்சோறு" என்றாள் ஷீபா. எங்கிருந்தோ ஒரு பருந்து தாழ்ந்து வந்தது. அவ்வளவுதான், எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஒரு பக்கம் திரும்பும்போது வெள்ளை, மறு பக்கம் திரும்பும்போது கறுப்பு. சிறகுச் சத்தம் என் தலைக்கு மேலே போனது.

நீ கேட்க ஆசைப்பட்டது இதைத்தானே? மூன்று வாரம் முந்தி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் போதுமே. உனக்குக் கண்கூட வேண்டியிருந்திருக்காதே.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஷீபா பதறி வந்தாள். அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "அந்த நண்டுதின்னி பொய்யாக்கும், ஷீபா மக்களே. அன்னைக்கு இங்க ஒண்ணுமே இல்ல. அக்கா பேர்ல இருந்து அத எடுத்திரு."

அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "எடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. அக்கா அத லிஸ்ட்டுக்குக் குடுக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு சாயங்காலமே போன்ல சொன்னாவ. நண்டுதின்னி அப்பிடி நடக்காதாம். ஓடும், நிக்கும், பொறவு ஓடுமாம். 'ஒண்ணும் இல்லாத எடத்துல நின்னு எனக்காக ஒரு பறவைய உண்டாக்குதாரு ஷீபா. அவருக்கு அவ்வளவு வெப்ராளம், மனசு கெடந்து தவிக்கி. லிஸ்ட்டுல போடாண்டாம். அவருட்டயும் ஒண்ணும் கேட்டுராத' என்னு சொன்னாவ."

நீ ஏமாறவே இல்லை. அப்படியென்றால் அந்தப் பாத்திகளில் ஒன்றும் இல்லை என்பது உனக்கு அப்போதே தெரியும். யாரால் தாமதமானது என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்தாயா? திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டது, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா? இன்னொரு வருஷம் உனக்குக் கிடையாது என்பதையும் நினைத்திருப்பாயே. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே லீலா. நான் தாங்கியிருப்பேன். இந்த மௌனத்தை எப்படித் தாங்குவது என்றுதான் தெரியவில்லை.

ஷீபா என்னை அழ விட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து, தண்ணீர் பாட்டிலைத் தந்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியதும் ஷீபா லிஸ்ட் எழுத உட்கார்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பேப்பரையும் பேனாவையும் என்னிடம் தந்தாள். "நீங்க எளுதுங்க அண்ணாச்சி. பாத்தத மட்டும்." அவள் பெயர் சொல்லச் சொல்ல, நான் பார்த்தேன் என்று எனக்கு நிச்சயமானதை மட்டும் எழுதினேன். ஒன்பது வந்தது. உனக்கு ஒன்பது என்பது பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே ஆகிவிடும். கடைசியாகத் தனியாக ஒன்று வரப்பு ஓரமாக ஓடியது. சின்னது, மண் நிறம், வால் ஆடிக்கொண்டே இருந்தது. ஷீபா திரும்பிப் பார்ப்பதற்குள் பறந்துவிட்டது. "என்னதுன்னு போடணும்?" என்றாள். கொஞ்சம் யோசித்தேன். பத்தாவது வரியில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருஷம் பங்குனியிலேயே போவேன். எத்தனை மோட்டார் வந்து கிடந்தாலும் போவேன். அங்கே என்ன நிற்கிறது என்று ஒவ்வொன்றாக உனக்குச் சொல்கிறேன். பாத்தி காலியாகக் கிடந்தால், காலியாகக் கிடக்கிறது லீலா என்று அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்றும் உன் கைப்பிடிக்குள்ளே இருக்கும்,
உன் மாமா மகன்,
உன் அத்தான்.