சரோஜா ஓட்டிய வண்டி

8 ஜூன் 1997, ஞாயிறு

பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்று இருபது வருடம் கழித்து மறுபடியும் ஒன்று வாங்கிவிட்டேன். இரண்டே சீட், வயது என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நேற்று முழுக்கக் கீழே படுத்துக்கிடந்து பிரேக்கை நானே பிரித்து மாட்டினேன். இன்று மனைவி சரோஜாவை ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போகக் கிளம்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது.

ஸ்டியரிங்கையே தொட்டறியாதவளை உட்காரவைத்து, "செகண்ட் கியர் போட்டிருக்கேன். கிளட்ச மிதிச்சுக்கோ, நான் சொன்னதும் காலை எடு" என்று தள்ளினேன். எங்கள் ஊரிகத்து இறக்கத்தில் இன்ஜின் உறுமிக்கொண்டு பிடித்தது. வண்டி போயே போய்விட்டது.

"ஏங்க, எப்படிங்க நிறுத்துறது?"

அதை நான் சொல்லித்தரவில்லை. "நடு பெடலை மிதி!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். நேற்று பிரேக்கில் எதையாவது மாட்டாமல் விட்டேனோ?

ரயில்வே ஸ்டேஷன் எதிரே, டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. இன்ஜினும் நின்றது. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது டீக்கடைக்காரர் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இன்னாம்மா, வண்டி உங்களுதா?"

"ஆமாங்க. அவரு தள்றவரு."

பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக்கூட வெளியே காட்டமுடியவில்லை. இடுப்பு விண்விண் என்று வலிக்கிறது. நாளைக்கும் அவள்தான் ஓட்டுவாளாம்.